நாலாவது மாடிக்குத் தண்ணீர் ஏறாத நாள்

மும்பை செம்பூரில் எங்கள் பில்டிங்கில் குடியிருக்கும் எல்லோருக்கும், பெயர்கூடச் சொல்லாமல் எனக்கு உதவிவிட்டுப் போன இன்னும் சிலருக்கும் வணக்கம்.

நான் வீட்டில் மயங்கி விழுந்தபோது புருவத்தில் போட்ட மூன்று தையலையும் பிரித்தாகிவிட்டது. படியில் பார்க்கிறவர்கள் எல்லோரும் "இப்போ எப்படி இருக்கு?" என்று மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னால் நான் மறுபடி விழுந்துவிடுவேன். ரொம்ப நேரம் நிற்பதுதான் எனக்கு ஆகாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நான் விழுந்ததும் 108-க்குப் போன் செய்த என் மகளை சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில் "வீரச்சிறுமி" என்று போட்டிருந்தீர்கள். சந்தோஷம்தான். ஆனால் அவளுக்கு எட்டு வயது. அன்று ராத்திரி என் நைட்டியின் ஓரத்தைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்கினாள். அவளிடம் சொல்லி வைத்திருந்தது நாலைந்து சின்ன வேலைகள். அவற்றைச் செய்ததும், மீதியை வாங்கிக்கொள்ளப் பெரியவர்கள் ஓடி வந்துவிட்டீர்கள். அந்த ஓடி வந்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

கதை இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மே மாதத்தில் ஆரம்பிக்கிறது. சிஎஸ்எம்டி ஸ்டேஷனிலிருந்து ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில், லேடீஸ் பெட்டியில் நின்றுகொண்டு வந்தேன். காட்டன் கிரீன் தாண்டும்போது கொட்டாவி மேல் கொட்டாவி. காது அடைத்தது. வேர்த்துக் கொட்டியது, ஆனால் கை ஜில்லென்று இருந்தது. சிவ்டி வருவதற்குள் கண் ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. விழக்கூட இடமில்லாத கூட்டம். டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு நர்ஸ், "நிறுத்தி வைக்காதீங்க, படுக்கப் போடுங்க" என்று சத்தம் போட்டாராம். ஹார்பர் லைனில் நாலு பேர் ஒரே நேரத்தில் சீட்டை விட்டு எழுந்தார்களாம். அந்த அதிசயத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. காலைத் தூக்கி ஒரு பையின் மேல் வைத்தார்கள். வாயில் தண்ணீர் ஊற்றப் போன ஒருவரையும், செயினை இழுக்கப் போன ஒருவரையும் அந்த நர்ஸ்தான் தடுத்தார். நினைவில்லாதவர் வாயில் ஊற்றுவது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நடுவழியில் ரயிலை நிறுத்துவதைவிட அடுத்த ஸ்டேஷனே பக்கம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கண் திறந்துவிட்டேன். செம்பூர் வரை என்னோடு வந்து ஆட்டோவில் ஏற்றிவிட்ட அந்தக் குஜராத்தி அம்மாவின் முகம்தான் ஞாபகம் இருக்கிறது, பெயர் கேட்கத் தோன்றவில்லை.

அப்புறம் போன கிளினிக்கில் "டென்ஷன்" என்று சொல்லி ஒரு ஊசி போட்டு அனுப்பினார்கள். இன்னும் இரண்டு முறை விழுந்தேன். ஒரு முறை கோவிலில், விரதம் இருந்து வெறும் வயிற்றோடு வரிசையில் நின்றபோது.

மாட்டுங்கா டாக்டரம்மாவுக்கு என் பெரிய நன்றி. அவர்தான் கேள்வி கேட்டார். விழுவதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தாய், எவ்வளவு நேரம் நின்றாய், என்ன சாப்பிட்டாய், யாராவது பார்த்தார்களா என்று அரைமணி நேரம். படுக்க வைத்து பிபி பார்த்தார், எழுப்பி நிறுத்திப் பார்த்தார், ஈசிஜி எடுத்தார். பிறகு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே மேஜையில் படுக்கவைத்துப் பட்டை கட்டி, மேஜையையே ஏறக்குறைய நிமிர்த்தி நிறுத்தி வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கேயும் மயங்கினேன். ஆனால் இந்தத் தடவை நாடி இறங்கியதையும் பிபி இறங்கியதையும் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தது. இப்படி நாடியும் பிபியும் திடீரென்று இறங்கி வரும் மயக்கத்துக்கு வேசோவேகல் என்று பெயர் சொன்னார்கள்.

டாக்டரம்மா அதை என் பிள்ளைகளுக்குச் சொன்ன விதம் இது: "உங்க பில்டிங்ல மோட்டார் திடீர்னு மெதுவா ஓடுது, குழாயும் அகலமாயிடுது. நாலாவது மாடிக்குத் தண்ணி ஏறுமா?" நாலாவது மாடியில்தானே இருக்கிறோம், இரண்டும் உடனே "ஏறாது" என்றன. "அம்மா தலைதான் நாலாவது மாடி. படுத்துட்டா எல்லாமே தரைத்தளம். தண்ணி தானா வந்துடும்." தண்ணீர் வராத நாளில் வாளியோடு அலைந்த பிள்ளைகளுக்கு இதைவிட எப்படிச் சொல்வது?

எனக்குச் சொன்னது வேறு. தண்ணீர் நிறையக் குடி. உனக்கு பிபி அதிகமில்லை, கிட்னி நன்றாக இருக்கிறது, அதனால் உப்பைக் குறைக்காதே (இது எனக்குச் சொன்னது, உங்கள் டாக்டரைக் கேட்காமல் ஊறுகாய் ஜாடியைத் திறந்துவிடாதீர்கள்). கொட்டாவி வந்ததும் எங்கே இருந்தாலும் படுத்துவிடு. படுக்க முடியாத இடமென்றால் காலைப் பின்னிக்கொண்டு தொடையையும் வயிற்றையும் இறுக்கு. இன்னொன்றும் சொன்னார்: எல்லா மயக்கமும் இதுபோல் சாது இல்லை. ஓடும்போது, படிக்கட்டு ஏறும்போது, படுத்திருக்கும்போது மயங்கினாலோ, நெஞ்சுவலியோ படபடப்போ கூட வந்தாலோ, குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தாலோ, அதை இதயம் பார்க்கும் டாக்டரிடம் உடனே காட்ட வேண்டும்.

சரி, பிள்ளைகள். வீட்டுக்காரருக்கு மாஹுல் பக்கம் ரீஃபைனரியில் ஷிஃப்ட். உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது. "அப்பாவுக்குப் போன் பண்ணு" என்பது எங்கள் வீட்டில் உதவாத யோசனை. இதைக் கேட்டதும் எதிர்வீட்டு ஆஜி (மராத்தியில் பாட்டி) சொன்னது: "குழந்தை உன்னைக் காப்பாற்ற வேண்டாம். என் பெல்லை அடித்தால் போதும்." இவ்வளவு தெளிவாக அதுவரை எனக்கே தோன்றவில்லை.

அதற்கப்புறம் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. நான் ஹாலில் விழுவேன். முதல் தடவை மகள் சீரியலில் பார்த்தபடி முகத்தில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றினாள். நாலு வயதுப் பையன் என் வயிற்றில் ஏறி உட்கார்ந்து சிரித்தான். இரண்டாவது தடவைதான் கதவின் மேல் தாழ்ப்பாள் அவள் கைக்கு எட்டாது என்பதே தெரிந்தது. கார்பென்டர் அண்ணன் அதைக் கழற்றிக் கீழே பொருத்தினார், காசு வாங்கவில்லை. அன்றிலிருந்து குளிக்கும்போது பாத்ரூம் கதவைத் தாழ் போடுவதையும் விட்டுவிட்டேன். மூன்றாவது தடவை மகள் அலறிய அலறலில் ஆஜி நிஜமென்று நினைத்து, கையில் சப்பாத்தி மாவோடு ஓடி வந்துவிட்டார்.

போன் லாக் ஆகியிருந்தாலும் எமர்ஜென்சி பட்டனிலிருந்து 112 அடிக்கலாம், ஆம்புலன்ஸுக்கு 108. நம்பர் சுலபமாகவே வந்துவிட்டது. கஷ்டம் விலாசத்தில்தான். முதலில் "முருகன் கோவில் இருக்குல்ல, அது பக்கம்" என்றாள், தமிழில். எடுக்கிறவருக்கு எந்த முருகன் என்று தெரியும்? வாட்ச்மேன் அண்ணன்தான் ரோடு, பில்டிங், விங், மாடி என்று இந்தியில் ராகம் போட்டுச் சொல்லிக் கொடுத்தார். இப்போது பையனும் அதைப் பாடுகிறான், ரேஷன் கடையில்கூட.

நடந்தது ஜூலையில், நல்ல மழை. இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. உடம்பில் தண்ணீரே இல்லை. வெங்காயம் நறுக்கும்போது விரல் வெட்டிக்கொண்டது, ரத்தத்தைப் பார்த்தேன், கொட்டாவி வந்தது. படுத்திருக்க வேண்டும். இந்த ஒரு தோசையை எடுத்துவிட்டுப் படுக்கலாமே என்று நினைத்தேன். எல்லாம் தெரிந்த என் புத்தி அவ்வளவுதான். சமையல் மேடையின் விளிம்பில் புருவம் இடித்தது.

மகள் அடுப்பின் குமிழைத் திருப்பி அணைத்தாள். என் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். என்னைத் தூக்கி உட்கார வைக்கவில்லை. அறுபது எண்ணுவதற்குள் கண் திறக்காவிட்டால் 108 என்பது எங்கள் கணக்கு. நாற்பத்தொன்றில் நான் கண் திறந்தேன். ஆனால் புருவத்திலிருந்து ரத்தம் நிற்கவில்லை, அவள் கேட்டதற்கு ஏதோ உளறினேனாம். அதனால் எண்ணுவதை விட்டுவிட்டுப் போன் செய்தாள். பையன் ஆஜி வீட்டு பெல்லிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

ஆஜி, புது நாப்கினை மடித்துக் காயத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பாதி மராத்தியில் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தீர்கள். அந்தத் திட்டுக்கு நன்றி. 108 லைனில் இருந்த அம்மா, பெரியவர்கள் வரும்வரை என் பெண்ணிடம் போனை வைக்கச் சொல்லாமல் பேசிக்கொண்டே இருந்தீர்கள். "சாப்பிட்டாயா?" என்றுகூடக் கேட்டீர்களாம். கேட்டுக்கு முன்னால் நின்ற இரண்டு ஸ்கூட்டர்களைத் தனி ஆளாக நகர்த்திய வாட்ச்மேன் அண்ணன், லிஃப்ட் இல்லாத பில்டிங்கில் என்னை பிளாஸ்டிக் நாற்காலியோடு நாலு மாடி இறக்கிய மூன்றாம் மாடித் தம்பிகள், ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வரும்வரை பிள்ளைகளுக்குத் தயிர்சாதம் ஊட்டிய மாமி, எல்லோருக்கும் நன்றி.

வகுப்பு டீச்சருக்குத் தனியாக. அடுத்த வாரம் மகள் பாதி வகுப்பில் அழுதபோது என்னைக் கூப்பிட்டுப் புகார் சொல்லவில்லை. இடைவேளையில் எனக்குப் போன் போட்டு, "அம்மா பேசறாங்க" என்று அவள் காதில் வைத்தீர்கள். இரண்டு வாரம் அப்படியே செய்தீர்கள். பிறகு அவளே வேண்டாம் என்றுவிட்டாள்.

அடுத்த ஒத்திகை வரும் முதல் ஞாயிறு, காலை பதினொரு மணி. இந்தத் தடவை மூன்றாம் மாடிப் பிள்ளைகளும் வருகிறார்கள், சத்தம் அதிகமாகவே இருக்கும். ஆஜி, மாவைப் பிசைந்து முடித்துவிட்டே வாருங்கள்.