வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், போசகர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டும் பூரணை விடுமுறைகளிலேயே கூடினோம். நல்லூர்த் திருவிழாவோடு ஒரு கூட்டம் விடுபட்டது. கணக்கைத் தனாதிகாரி வாசிப்பார்.

ஆண்டு முழுக்க ஒரே பேச்சுத்தான்: இளையோர் நாவல்களில் தன் போக்கில் நிற்கும் பிள்ளையும் அவனை வழிக்குக் கொண்டுவரப் பார்க்கும் ஊரும். முதற் கூட்டத்திலேயே போசகர் ஐயா ஆத்திசூடியை எடுத்தார்: ‘ஊருடன் கூடி வாழ்.’ பின்வாங்கில் இருந்த பிள்ளைகள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள்.

லோயிஸ் லோரி 1993இல் எழுதிய ‘தி கிவர்’ கதையை ஓர் உறுப்பினர் தமிழில் சொன்னார். பன்னிரண்டு வயதில் யார் யாருக்கு என்ன தொழில் என்று பெரியவர்களே அறிவித்துவிடும் ஊர் அது. நிறம் என்ற ஒன்றே அங்கு அநேகமாக எவருக்கும் தெரியாது. தோழனோடு அப்பிளை எறிந்து பிடிக்கையில் கதைநாயகன் ஜோனாஸ் கண்ணுக்கு அது ஒரு கணம் மாறித் தெரிகிறது. அந்த மாற்றம்தான் சிவப்பு என்பதே அவனுக்குப் பிறகுதான் விளங்கும். உயர்தரத்தில் பயோ படிக்கும் பிள்ளை ஒன்று கேட்டது: “பன்னிரண்டு வயது மட்டும் பொறுத்திருக்கினமோ? எங்கட வீட்டில நான் பிறக்க முந்தியே டொக்டர்.” அம்மாவும் பக்கத்தில்தான் இருந்தார். சிரித்தார், ஆனால் பிளேன்ரீயை முடிக்காமலே எழும்பிவிட்டார்.

ரொபேர்ட் கோமியரின் ‘தி சொக்லேட் வோர்’ (1974) பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் காசு சேர்க்கச் சொக்லேட் விற்கமாட்டேன் என்று நிற்கிற ஜெரி, கடைசியில் அடிவாங்கிக் கிடந்து, எதிர்த்து நிற்காதே என்று கூட்டாளியிடம் சொல்ல நினைக்கிறான். இப்படியும் பிள்ளைகளுக்கு எழுதுவதா என்று ஒருவர் கேட்டார். பிள்ளைகளுக்கோ அந்த முடிவுதான் பிடித்தது; தனித்து நின்றவன் எப்போதும் வெல்லுகிற கதைகளில் ஏதோ பொய் இருக்கிறதாம். நானும் அந்தப் பக்கம்தான்.

அப்புறம் ரீசேட் விவகாரம். ஆண்டு விழாவுக்கு எல்லோரும் ஒரே நிற ரீசேட் போடுவது என்று செயற்குழு தீர்மானித்தது. முன்மொழிந்தவன் அடியேன். அதே மாதம் வாசித்தது சொக்லேட் கதை என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. இரண்டு பிள்ளைகள் வேண்டாம் என்றார்கள். காரணம் கேட்டேன், “காரணம் இல்லை அங்கிள், வேண்டாம்” என்று மட்டும் பதில். கொஞ்சம் சத்தம் போட்டேன், அதற்கு இங்கேயே மன்னிப்புக் கேட்கிறேன். விழாவுக்கு இருவரும் தங்கள் சேட்டோடு வந்து, கதிரை அடுக்கி, கடைசியாகத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

அந்த இரண்டு ரீசேட்டும் அலுமாரியில் உறை பிரிக்காமல் இருக்கின்றன. காசை நான் கட்டிவிட்டேன். அளவானவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்,
யாழ்ப்பாணம்.