கிணற்றைத் திறந்து கொடுத்தவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும், எங்கள் சபையைச் சேராமலேயே எங்களைவிட அதிகம் பாடுபட்டவர்களுக்கும் ஸ்தோத்திரம், வணக்கம்.

ஆலய வளாகத்தின் மூலையில் இருக்கும் உறைக்கிணற்றில் இப்போது தண்ணீர் நிற்கிறது. போன வடகிழக்குப் பருவமழை முடிந்தபோது மேலிருந்து நாலாவது உறை வரை ஏறியிருந்தது. ஆராதனையில் எல்லாருக்கும் நன்றி சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். மைக்கைப் பிடித்ததும் பாதிப் பேரை மறந்துவிட்டேன். அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, தூர் எடுத்த அண்ணன் தம்பி இருவருக்கு. வண்டலூருக்கு அந்தப் பக்கத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வருவார்கள். மூடியிருந்த சிமெண்ட் பலகையை நகர்த்திய அன்றைக்கு அண்ணன் செய்த முதல் வேலை, அரிக்கேன் விளக்கைக் கொளுத்திக் கயிற்றில் கட்டி மெதுவாக உள்ளே விட்டதுதான். பதினைந்து அடி போயிருக்கும். சுடர் குறுகி, நீலமாகி, அணைந்தது. உள்ளே மூச்சுவிட நல்ல காற்று இல்லை என்று அதற்கு அர்த்தம். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, "இன்னைக்கு இறங்க முடியாது சார்" என்றார்.

அப்போது நான் சொன்னதை இங்கே எழுதத்தான் வேண்டும். "ஞாயிற்றுக்கிழமைக்குள்ள முடிச்சா நல்லா இருக்கும், கொஞ்சம் பார்த்து இறங்கக் கூடாதா?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "சாமி காரியத்துக்கு எங்க உசுரு போகணுமா சார்?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். படைப்பைக் காப்பது பற்றி மூன்று வாரம் வேதபாடம் நடத்தியவன் நான். அந்தப் படைப்பில் அந்த இரண்டு பேரையும் சேர்த்து எண்ணவில்லை.

பிறகு இரண்டு நாள் வேப்பங்கொத்துகளைக் கயிற்றில் கட்டி ஏற்றி இறக்கிக் காற்றைக் கலக்கினார்கள். வாடகைக்கு எடுத்த, காற்றை ஊதும் புளோயரும் ஓடியது. மூன்றாம் நாள் விளக்கு அடிவரை அணையாமல் போனது. அப்போதும் வாடை அடிக்கிறதா என்று மோந்து பார்த்துவிட்டு, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஆள் நிறுத்தித்தான் தம்பி இறங்கினார். பேசிய கூலிக்கு மேல் அந்த இரண்டு நாளுக்கும் கொடுக்கலாமா என்று கமிட்டியில் கேள்வி வந்தபோது, பேசாமல் எழுந்து தன் பர்ஸைத் திறந்த பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காவுக்கு அடுத்த நன்றி. அதற்கப்புறம் யாரும் கேள்வி கேட்கவில்லை.

உள்ளிருந்து வந்ததைச் சொல்கிறேன். மேலாக கோவிட் காலத்துத் திருவிருந்துக்கு வாங்கிய சின்னச் சின்ன பிளாஸ்டிக் கோப்பைகள். அதற்குக் கீழே கல்யாண மேடைகளின் தெர்மோகோல், ஜரிகைத் தாள், பிளாஸ்டிக் ரோஜாக்கள், நரம்பு மட்டும் மிஞ்சிய கிறிஸ்மஸ் நட்சத்திரங்கள், விருந்துக்குப் போட்ட பிளாஸ்டிக் டம்ளர்கள். ஒரு கட்டத்தில் ஒரு தகரப் பலகை வந்தது. கழுவிப் பார்த்தால் 'குப்பை போடாதீர்கள்' என்று எங்கள் ஆலயத்தின் பெயரோடு எழுதியிருக்கிறது. தம்பி கீழேயிருந்து சிரித்த சிரிப்பு உறையெல்லாம் எதிரொலித்தது. கடைசியில்தான் கறுப்புச் சேறும், அதன் கீழே வெள்ளை மணலும். மணல் கசிய ஆரம்பித்ததும், "ஊத்து கண்ணு தெரியுது" என்று கத்தினார். வாட்ச்மேன் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இந்தக் கிணற்றில் இறைத்துக் குடித்தவர்களில் இன்று வளாகத்தில் மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான். இங்கே கிணறு இருக்கிறது என்று நினைவுபடுத்தியவரும் அவர்தான். நாங்கள் அதன்மேல் பைக் நிறுத்திக்கொண்டிருந்தோம்.

அந்த ஞாயிறு ஆயர் அவர்கள் ஆதியாகமம் 26-ஆம் அதிகாரத்தை எடுத்தார். ஆபிரகாம் காலத்துக் கிணறுகளைப் பகைவரான பெலிஸ்தர் மண்போட்டுத் தூர்த்துவிட, அவர் மகன் ஈசாக்கு மறுபடி தோண்டுகிறான். "நம்ம கிணத்தைத் தூர்க்க பெலிஸ்தர் யாரும் வரலை" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். என் கணக்கில் பிரசங்கம் அங்கேயே முடிந்தது. பிறகு பேசிய இருபது நிமிடத்துக்காகவும் அவருக்கு நன்றி.

வாலிபர் ஐக்கியத்துத் தங்கைக்குத் தனியாக ஒரு வார்த்தை. வேதபாடத்தில் எழுந்து, "அங்கிள், பிரச்சினையே நம்ம கிட்டேதான்னு ஒருத்தர் எழுதியிருக்காரே" என்று ஆரம்பித்தவர் அவர். அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் வைட், 1967-இல் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரை அது. பூமியைக் கீழ்ப்படுத்தி ஆண்டுகொள்ளுங்கள் என்ற வசனத்தை மேற்கத்திய கிறிஸ்தவம் புரிந்துகொண்ட விதத்துக்கும் இன்றைய சூழல் சீர்கேட்டுக்கும் முடிச்சுப் போட்டவர். எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வீட்டுக்குப் போய்ப் புத்தகங்களைப் புரட்டினேன். அதே வைட் கட்டுரையின் முடிவில் அசிசியின் பிரான்சிஸ் என்ற புனிதரைச் சூழலியலாளர்களுக்குப் பாதுகாவலராக்கலாம் என்கிறார். 1979-இல் போப் இரண்டாம் ஜான் பால் அப்படியே அறிவித்தார். 2015-இல் போப் பிரான்சிஸ் எழுதிய சுற்றுமடலும் 'ஆண்டுகொள்ளுங்கள்' என்பதற்கு இஷ்டம்போல் சுரண்டலாம் என்று பொருள் சொல்வது தவறு என்கிறது. நாம் போப்பின் கீழ் வராத தென்னிந்தியத் திருச்சபை, சி.எஸ்.ஐ.காரர்கள்தான், ஆனாலும் நல்லதை நல்லதென்று சொல்ல வேண்டுமல்லவா?

எனக்கு வழி திறந்தது ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில். ஏதேன் தோட்டத்தை 'பண்படுத்தவும் காக்கவும்' மனுஷனை வைத்தார் என்று படித்தே வளர்ந்தோம். அந்தப் 'பண்படுத்த' என்பதற்கு எபிரெயத்தில் இருக்கும் சொல், ஊழியம் செய்வதற்கும் வழங்கும் சொல். ஊழியம் என்றால் பிரசங்கம், கன்வென்ஷன், கைப்பிரதி என்று இருந்தவன் நான். சேற்று வாளியை வாங்கி வாங்கிக் கொட்டிய வாலிபர்களின் கையைப் பார்த்தபோதுதான் அந்தச் சொல் எனக்கு உறைத்தது.

தண்ணீர்க் கணக்கைச் சொல்லிக் கொடுத்தவர் அடுத்த தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயா. சென்னைக் குடிநீர் வாரியமான மெட்ரோ வாட்டரில் வேலை பார்த்தவர், தினமும் கபாலீசுவரரைக் கும்பிட்டுவிட்டு வருகிறவர். ஆலயக் கூரையும் பாரிஷ் ஹால் மொட்டை மாடியும் சேர்த்துச் சுமார் 300 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். சென்னையில் வருடத்துக்குச் சராசரி 1,400 மில்லிமீட்டர். பெருக்கினால் 4,20,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி 35. "2019-ல லாரிக்கு நாயா அலைஞ்சீங்களே, கூரைமேல விழறதை ரோட்ல விட்டுட்டு!" என்று திட்டினார். உண்மைதான். ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த அந்த வருடம், நாங்கள் மழைக்காக உபவாச ஜெபம் வைத்தோம். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது பொருத்திய குழாய், ஜல்லியோ மணலோ இல்லாத ஒரு குழிக்குள், சிலந்திவலையோடு, அப்படியே இருந்தது.

அவர் சொன்னபடி கிணற்றுக்கு முன்னால் ஒரு வடிகட்டித் தொட்டி கட்டினோம். கீழே கருங்கல் ஜல்லி, மேலே சின்ன ஜல்லி, அதன்மேல் மணல், நடுவே நைலான் வலை. முதல் மழையை வெளியே விடச் சொன்னார். நான் அவசரப்பட்டு வால்வைத் திருப்பிவிட்டேன். புறா எச்சம் அத்தனையும் உள்ளே போய், இறைத்துக் கொட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டு... அதை விட்டுவிடுவோம்.

கட்டணம் எவ்வளவு என்று ஐயாவிடம் கேட்டதற்கு, "என் கிணறும் இதே மணலுக்கு அடியிலதானே சார் இருக்கு" என்றார். கடல் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. எல்லாரும் போர்வெல் போட்டு உறிஞ்சினால் உப்பு உள்ளே ஏறும். இங்கே நாங்கள் இறக்கும் நல்ல தண்ணீர் எங்கள் சுவரோடு நின்றுவிடாது.

கடைசியாக, "ஆத்துமாக்களைப் பார்க்காமல் கிணத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்களே" என்று கமிட்டியில் கடைசிவரை எதிர்த்த பெரியவருக்கு. அண்ணாச்சி இன்னும் மனம் மாறவில்லை. ஆனால் மோட்டார் வைக்கலாமா என்று பேச்சு வந்தபோது, தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டிலிருந்து இரும்பு ராட்டினத்தைப் பேப்பரில் சுற்றி ரயிலில் கொண்டுவந்து கொடுத்தார். "மோட்டார் வச்சா ஒரே நாள்ல வத்த வச்சிருவீங்க" என்பது அவர் கட்சி. அவர் அம்மா இழுத்த ராட்டினம் அது.

அந்த ராட்டினத்துக்கு இந்த மாதம் எண்ணெய் போடும் முறை பாடகர் குழுவுடையது. மூடியின் சாவி வாட்ச்மேன் அம்மாவிடம் இருக்கிறது. ஆராதனை முடிந்து யார் வேண்டுமானாலும் வந்து ஒரு வாளி இறைத்துப் பார்க்கலாம். கயிறு புதுசு, ஈரமானால் வழுக்கும், பார்த்து இழுங்கள்.

கர்த்தருக்குள்,
கிணற்று வேலைக்குப் பொறுப்பாய் இருந்தவன்