ஆளரவமற்ற காடா அது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இந்தோனேசியாவின் புதிய தலைநகர் நுசாந்தரா பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஜகார்த்தா மண்ணுக்குள் இறங்குவது, தலைநகரை மாற்றப்போவதாக 2019-ல் அப்போதைய அதிபர் ஜோகோ விடோடோ செய்த அறிவிப்பு, அதற்காக 2022-ல் வந்த சட்டம் எல்லாம் சரி. ஆனால் நடுவில், ‘ஆளரவமற்ற காட்டில் எழும் நகரம்’ என்று ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

2014 முதல் ஒன்பது வருடம், போர்னியோ தீவில் இந்தோனேசியாவின் பகுதியான காலிமந்தானில் உள்ள பாலிக்பாப்பான் நகரில் வெல்டிங் மேற்பார்வையாளராக வேலை பார்த்தவன் நான். அங்கிருந்து சமாரிந்தா சாலையில் 38-வது கிலோமீட்டரில் திரும்பிப் போனால் செபாக்கு. நீங்கள் ‘காடு’ என்று எழுதிய வட்டாரம் அதுதான். எங்கள் வண்டி ஓட்டுநரின் ஊரும் அதுவே. லீவு நாளில் என்னையும் கூட்டிப் போவார். வீட்டில் பேசுவது ஜாவா மொழி. அவருடைய அம்மா தெம்பே என்ற புளிக்கவைத்த சோயா வில்லைகளைப் பொரித்து, சர்க்கரை தூக்கலாகப் போட்ட கறுப்புத் தேநீரோடு கொண்டுவந்து வைப்பார். வாசலோரம் மிளகுக்கொடி, கொல்லையில் ரப்பர் மரங்கள்.

ஒருநாள் அவருடைய அப்பா, பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த நிலப் பத்திரத்தை எடுத்துக் காட்டினார். ஓரமெல்லாம் கறையான் அரித்திருந்தது. ஜாவாவில் நிலமில்லாமல் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பங்களை 1970களில் அரசே கப்பலேற்றி இங்கே அனுப்பியது. குடும்பத்துக்கு இரண்டு ஹெக்டேர். டச்சுக்காரர்கள் 1905-ல் சுமத்ராவின் லாம்புங்கில் தொடங்கிய குடியேற்றம்தான், பிறகு ‘டிரான்ஸ்மிகிராசி’ என்ற பெயரில் தொடர்ந்தது. தங்களுக்குத் தெரியாததல்ல.

“அங்கே யாருமில்லை, காலி நிலம் என்று சொல்லித்தான் எங்களை அனுப்பினார்கள்” என்றார் பெரியவர். வந்து பார்த்தால், ஆற்றோரத்தில் பாலிக் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறார்கள். எந்தக் கீரையைத் தின்னலாம் என்று காட்டிக்கொடுத்ததே அவர்கள்தானாம். அன்றைக்கு அரசின் கணக்கில் அவர்கள் இல்லாமல் போனார்கள். இன்றைக்கு உங்கள் கட்டுரையில் இரண்டு பேருமே இல்லை. தலைநகர் அறிவிப்புக்குப் பிறகு அங்கே நிலத்தை விற்க, வாங்கக் கட்டுப்பாடு வந்தது. பேத்தி கல்யாணத்துக்கு அரை ஹெக்டேரை விற்கலாம் என்றிருந்த பெரியவர் கைபிசைந்து நின்றதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

இது முதல் தடவையும் இல்லை. 2015-ல் காட்டுத்தீப் புகை சூழ்ந்தபோது, சிங்கப்பூரில் ஜன்னலை மூடிக்கொண்டவர்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினீர்கள். காலிமந்தானில் அந்தப் புகைக்குள்ளேயே பிள்ளை வளர்த்தவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை; ஓர் உராங்குட்டான் படம்தான் இருந்தது. அப்போதே கடிதம் எழுதினேன். இடம் இல்லாமல் போயிருக்கலாம். இருபது வருடமாகச் சந்தா கட்டும் வாசகனுக்கு இது வருத்தம்தான்.

2024 ஆகஸ்ட் 17 அன்று கொடியேற்றிய, கருடச் சிறகு வடிவில் கட்டிய அந்த அதிபர் மாளிகையின் படத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். அந்த மாளிகை நிற்பதும் செபாக்கு வட்டாரத்தில்தான்.

அடுத்த இதழில் சின்னதாக ஒரு திருத்தம் போட்டால் போதும். அப்புறம், கட்டுரையோடு வந்த வரைபடத்தில் செபாக்கு என்ற பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

தங்கள் நீண்டநாள் வாசகன்,
காரைக்கால்