ஏழு நாளில் வளவாளர்: என்.எல்.பி. பயிற்சிக்குத் தரம் வகுக்கக் கோரும் திறந்த மடல்

தொழிற்பயிற்சி நிறுவனங்களைப் பதிவுசெய்து தரம் பார்க்கும் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கும், மத்திய, ஊவா மாகாணங்களில் என்.எல்.பி. பயிற்சி நடத்தும் வளவாளர்களுக்கும்,

மதிப்புக்குரியீர்,

இலங்கை மலையகத்தின் ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். தோட்டப்புறப் பாடசாலைகளில் முப்பத்தொரு வருடம் கற்பித்து, அதில் கடைசிப் பதினொரு வருடம் வழிகாட்டல் ஆலோசனைக்கும் பொறுப்பாக இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை நான். 'நரம்பியல் மொழி நிரலாக்கம்' என்று பதாகைகளில் எழுதப்பட்டு, என்.எல்.பி. என்று எல்லோராலும் சொல்லப்படும், பேச்சையும் கற்பனையையும் கொண்டு மனப்போக்கை மாற்றலாம் என்று கற்பிக்கும் பயிற்சி எங்கள் நகரங்களின் மண்டபங்களில் எவ்வாறு நடக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே அதை விளக்க இந்த மடலை எழுதவில்லை. என் கோரிக்கை ஒன்றுதான். இந்நாட்டில் என்.எல்.பி. வளவாளர் என்று தம்மை அழைத்துக்கொள்ள ஒருவருக்கு என்ன தகுதி வேண்டும் என்பதை எழுத்தில் வரையறுத்து, அத்தகுதி உள்ளவர்களின் பெயர்ப்பதிவை மும்மொழிகளிலும் பகிரங்கமாக வெளியிடுங்கள்.

இதை இப்போது கேட்பதற்குக் காரணம் என்னிடம் படித்த ஒரு பிள்ளை. அவளுடைய பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதப்போவதில்லை. உயர்தரம் முடித்து, பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி போதாமல், வீட்டில் இருந்தவள். 2025 ஆகஸ்டில் ஏழு நாள் பயிற்சி ஒன்றில் சேர்ந்தாள். கட்டணம் 54,000 ரூபாய். கொழுந்து பறிக்கும் அவளது தாயாரின் நாட்சம்பளம் அப்போது 1,350 ரூபாய். கழிவுகள் எதையும் கணக்கில் எடுக்காமல் பார்த்தாலும் அது நாற்பது முழுப் பேர், அதாவது நாற்பது நாள் முழுச் சம்பளம். அரைப் பேர், அதாவது அரைச் சம்பளம் மட்டும் போடப்படும் நாட்களைச் சேர்த்தால் இன்னும் கூடும். தாயார் தம் காதுத்தோட்டை அடகுவைத்தே அந்தப் பணத்தைக் கட்டினார். ஏழாம் நாள் மாலை, 'சர்வதேச அங்கீகாரம் பெற்ற' என்று ஆங்கிலத்தில் பொன்னெழுத்தில் அச்சிட்ட சான்றிதழோடு மகள் வீடு வந்தாள். அந்தச் சான்றிதழில் அங்கீகாரம் வழங்கிய அமைப்பாகக் குறிப்பிடப்பட்டிருப்பது, பயிற்சி நடத்தியவர் தாமே தொடங்கிய நிறுவனம். கற்பித்தவரும் பரீட்சித்தவரும் அங்கீகரித்தவரும் ஒரே ஆள்.

நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. எங்கள் மலைகளில் என்ன நடந்தது என்பதை நான் திரும்ப எழுத வேண்டியதில்லை. லயங்களை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை விட்டு வந்தவர்கள் பாடசாலைக் கட்டடமொன்றில் தங்கியிருந்தபோது, தான் கற்றது பிறருக்கு உதவட்டும் என்ற நல்ல மனத்தோடு இந்தப் பிள்ளை அங்கு போனாள். மண்சரிவில் தங்கையைப் பறிகொடுத்த ஒரு பெண் மழைச் சத்தம் கேட்டாலே உறக்கமின்றி எழுந்து உட்கார்ந்துவிடுவதைக் கண்டு, அச்சத்தைப் போக்கும் முறை என்று தனக்குச் சொல்லித்தரப்பட்டதைச் செய்துபார்த்தாள். அதாவது, திரையரங்கில் அமர்ந்திருப்பதாகக் கற்பனை செய்து, நடந்ததைக் கறுப்பு வெள்ளைப் படமாகப் பார்த்து, பிறகு அந்தப் படத்தைப் பின்னோக்கி ஓட்டவேண்டும். அந்தப் பெண் பின்னோக்கி ஓட்டும் இடத்துக்கு வரவேயில்லை. மண் இறங்கிய சத்தத்திலேயே நின்றுவிட்டார். விடியும்வரை அலறலும் நடுக்கமும் ஓயவில்லை என்றும், முகாமிலிருந்த குழந்தைகளெல்லாம் விழித்துக்கொண்டு அழுததாகவும் பிள்ளை என்னிடம் சொன்னாள்.

அந்த இரவில் அவள் தன் வளவாளரைத் தொலைபேசியில் அழைத்திருக்கிறாள். மூன்றாம் தடவைதான் எடுத்தார். அந்தப் பெண் இன்னும் மாறத் தயாராகவில்லை என்றும், இப்படியான நிலைமைகளைக் கையாள்வது அடுத்த கட்டப் பயிற்சியில் வரும் என்றும், மாத முடிவுக்குள் பதிந்தால் கட்டணத்தில் சலுகை உண்டு என்றும் பதில் வந்தது. காலையில் அந்தப் பெண்ணை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கு உரியவர்கள் பார்த்தார்கள், இப்போது ஓரளவு தேறி வருகிறார். என் வாசலில் வந்து நின்ற பிள்ளையோ, "டீச்சர், நான் அந்த அக்காவைக் கெடுத்துட்டேனா?" என்று கேட்டாள். இருபத்திரண்டு வயது. 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணை அந்த ஏழு நாளில் ஒருமுறையாவது சொன்னார்களா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

அவள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்கு உண்மையில் பதில் சொல்லவேண்டியவர்கள் ஏழு நாளில் சான்றிதழ் கொடுத்து அவளை அனுப்பிவைத்தவர்களும், அனுப்பியவர்களை யாரென்று கேளாதிருந்தவர்களும் அல்லவா?

வளவாளர்களே, உங்கள் கலையை இழித்துரைக்க நான் வரவில்லை. 1970களில் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில் ரிச்சர்ட் பாண்ட்லரும் ஜோன் கிரைண்டரும், வர்ஜீனியா சட்டியர், மில்டன் எரிக்சன் போன்ற தேர்ந்த சிகிச்சையாளர்கள் நோயாளிகளோடு பேசிய விதத்தைக் கூர்ந்து கவனித்து இதை உருவாக்கினார்கள் என்பதை நானும் வாசித்திருக்கிறேன். ஒருவரின் பேச்சை ஊன்றிக் கேட்கவும், நாம் பேசும் விதத்தைத் திருத்திக்கொள்ளவும் இதிலுள்ள சில பயிற்சிகள் வகுப்பறையில் எனக்கே உதவியிருக்கின்றன. ஆனால் 1988இல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிப் பேரவை இதை ஆராய்ந்து போதிய சான்று இல்லை என்றது. 2012இல் பிரித்தானிய மருத்துவ ஆய்விதழொன்றில் வெளிவந்த மீளாய்வும், உடல், உள நலனை இது மேம்படுத்துகிறது என்பதற்கு மிகக் குறைந்த சான்றே உண்டு என்று முடித்தது. கண் அசையும் திசையை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்ற கூற்றும் அதே ஆண்டு சோதிக்கப்பட்டுப் பொய்த்தது. இவற்றைப் பணம் கட்டுவதற்கு முன்னரே மாணவருக்குச் சொல்லும் கடமை உங்களுக்கு உண்டு. பெயருக்கான உரிமை பற்றி, தோற்றுவித்தவர்களுக்குள்ளேயே நீதிமன்றம்வரை பிணக்குப் போயிற்று. இன்று யாரும் இந்தப் பெயரைப் பலகையில் எழுதிக்கொள்ளலாம். வெளிநாட்டுச் சங்கங்களில் சில அடிப்படைப் பயிற்சிக்கே நூறு மணித்தியாலத்துக்கு மேல் கேட்கின்றன, வேறு சில ஒரு வாரத்தில் முடித்துக்கொடுக்கின்றன. 'சர்வதேச அங்கீகாரம்' என்ற சொற்றொடரை நம்பிப் பணம் கட்டுபவருக்கு இந்த வேறுபாடு தெரிய வழியே இல்லை.

அதிகாரிகளே, 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தொழிற்பயிற்சி நிறுவனங்களைப் பதிவுசெய்யும் ஒழுங்கு நமக்கு உண்டு. மின்னிணைப்பாளருக்கும் பேக்கரி வேலை செய்பவருக்கும் முடி திருத்துநருக்கும் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமைத் தரங்கள் உண்டு, கற்பித்தவரல்லாத ஒருவர் வந்து மதிப்பிடும் முறையும் உண்டு. சுவரில் கம்பி இழுப்பவருக்கு இத்தனை கவனம் எடுத்த நாம், துக்கத்தில் இருக்கும் ஒருத்தியின் மனதுக்குள் கைவைப்பவரை யாரென்று கேட்காமல் விட்டிருக்கிறோம். நான் ஏறி இறங்கிய அலுவலகங்களில், இது சுகாதாரம் என்று ஒருவரும், இது கல்வி என்று இன்னொருவரும், இது தனியார் விடயம் என்று மூன்றாமவரும் சொன்னார்கள்.

சான்றிதழ் என்பதற்கு எங்கள் வீடுகளில் என்ன கனம் என்பதைத் தயவுசெய்து எண்ணிப்பாருங்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். குடியுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை, கையில் எந்தக் காகிதம் இருக்கிறது, எது இல்லை என்பதே எங்களில் பலரின் வாழ்வைத் தீர்மானித்தது. முத்திரை குத்திய எதையும் பொலித்தீன் உறையிலிட்டுத் தகரப் பெட்டியின் அடியில் பத்திரப்படுத்தும் பழக்கம் அப்படி வந்ததுதான். அந்தத் தாயார் தம் பிறப்புச் சான்றிதழுக்கு அடியில் மகளின் பொன்னெழுத்துச் சான்றிதழையும் வைத்திருக்கிறார். வேலைக்கு விண்ணப்பித்த இடத்தில் அதைச் செல்லாதென்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்பதை மகள் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. எங்கள் மக்களுக்கு இந்தக் காகிதப் பற்று உண்டு என்பதை அறிந்துகொண்டே மலையேறி வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தாளவில்லை.

கோபத்தில் சற்றுத் தூரம் போய்விட்டேன், பொறுத்தருளுங்கள். நான் வேண்டுவது இதுவே: வளவாளருக்குரிய தகுதியை வரையறுத்து, அவர்களின் பதிவை மக்கள் பார்க்க வெளியிடுங்கள். பயிற்சி மணித்தியாலங்களுக்கு ஒரு கீழெல்லை வையுங்கள். மதிப்பிடுபவர் கற்பித்தவராக இருக்கக்கூடாது. இது உளவளத்துணைத் (மனநல ஆலோசனைத்) தகுதி அல்ல என்ற வாக்கியம் சான்றிதழிலேயே தமிழிலும் சிங்களத்திலும் இருக்கவேண்டும். பேரிழப்புக்கு ஆளானவர்களிடம் மேற்பார்வையின்றி யாரும் இம்முறைகளைச் செய்துபார்க்கத் தடை வேண்டும். முறைப்பாடு செய்ய ஓர் இடமும், கட்டணத்தைத் திரும்பப் பெற ஒரு வழியும் வேண்டும். நேர்மையாகப் பயிற்சி நடத்தும் வளவாளர்கள் சட்டம் வரும்வரை காத்திருக்காமல், இவற்றில் தங்களால் ஆனதை நாளையே தொடங்கலாம். அப்படிப்பட்டவர்கள் உங்களில் இருக்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த மடலுக்குத் தயவுசெய்து தமிழில் பதில் அனுப்புங்கள். தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது. பதில் வந்தால் அந்தத் தாயாருக்கு நானே போய் வாசித்துக்காட்டுவேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஹட்டன்.