பூச்சி என்றால் பாம்பு, டாக்டர்

கொங்குப் பக்கத்துக்கு ஹவுஸ் சர்ஜனாக வரும் பிள்ளைகளுக்கு,

வணக்கம். இருபது வருஷத்துக்கு மேல் கேசுவால்டியில் நின்ற ஸ்டாஃப் நர்ஸ் எழுதுகிறேன். உங்களில் பல பேர் வெளி மாவட்டம். அதனால் முதலில் ஒரு சொல்.

இங்கே பொழுது சாய்ந்துவிட்டால் பாம்பு என்று வாயால் சொல்லத் தயங்குவார்கள். "பூச்சி தொட்டுருச்சுங்க" என்பார்கள். கேஸ் ஷீட்டில் 'பூச்சிக்கடி' என்று எழுதிவிட்டால் எழுத்து சரி, ஆள் போய்விடுவார்.

ஒரு ஐப்பசி அடைமழை. தோட்டத்துச் சாளையில் தரையில் பாய் போட்டுப் படுத்திருந்த அம்மா ஒருவரை விடியக்காலை நாலு மணிக்கு பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். வயிற்றுவலி, இரண்டு தடவை வாந்தி. கடிவாய் இல்லை, வீக்கம் இல்லை. "தூக்கத்துல ஏதோ பூச்சி தொட்ட மாதிரி இருந்துச்சாமுங்க" என்றார் கொழுந்தனார். வாயுத் தொந்தரவு என்று ஊசி போட்டார் டூட்டி டாக்டர். நானும் தலையாட்டினேன். ஆறு மணிக்கு எழுப்பினால் இமை தூக்க வரவில்லை, பேச்சு குழறியது. கட்டுவிரியன்.

விஷமுறிவு மருந்து ஏற்றினோம். ஆனால் அந்த விஷம் நரம்பு முனையைப் பிடித்த பிறகு மருந்தால் பெரிதாகத் திருப்ப முடியாது; நரம்பு தேறும்வரை மூச்சை நாம்தான் கொடுக்க வேண்டும். கையால் மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை அமுக்கிக்கொண்டே 108-ல் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் டார்ச் அடித்தால் கண்மணி சுருங்கவில்லை. "முடிஞ்சுதுங்களா சிஸ்டர்?" என்றார் கொழுந்தனார். ஐந்து நாள் வென்டிலேட்டரில் இருந்து அந்த அம்மா வீட்டுக்கு நடந்து போனார். கொழுந்தனார் கேட்டது தன் காதில் விழுந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் இருந்த நேரம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதனால் விடியக்காலை வயிற்றுவலி என்று வந்தால் எங்கே படுத்திருந்தார் என்று கேளுங்கள். மேலே பார்க்கச் சொல்லுங்கள், தலையைத் தூக்கச் சொல்லுங்கள், ஒரே மூச்சில் எண்ணச் சொல்லுங்கள். மணிக்கொரு தடவை திரும்பப் பாருங்கள். கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்த ரத்தம் 20 நிமிஷத்தில் உறைந்துவிட்டது என்று நிம்மதி வேண்டாம். அது கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்குமான சோதனை, கட்டுவிரியனில் ரத்தம் உறையத்தான் செய்யும். குழந்தை என்று மருந்தைக் குறைக்காதீர்கள். பாம்பு ஆள் பார்த்தா விஷத்தை அளந்து விடுகிறது? பெரியவருக்கு 10 குப்பி என்றால் குழந்தைக்கும் அதே 10.

2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாட்டில் அறிவித்தார்கள். 'பூச்சிக்கடி' என்று எழுதினால் அந்தக் கணக்கிலும் சேராது. அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி, பக்கத்தில் 'பாம்பா?' என்று போடுங்கள்.

அப்புறம், அந்த ரத்தம் உறையும் சோதனைக்குப் பிளாஸ்டிக் குழாய் ஆகாது. சோப்புப் போட்டுக் கழுவின கண்ணாடியும் தப்புக் காட்டும். புதுக் கண்ணாடிக் குழாய்கள் எங்கே இருக்கின்றன என்று டூட்டி ஏறியதும் சிஸ்டரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்டோர் ரூம் சாவி யாரிடமும் இருக்காது.

இப்படிக்கு,
ஒரு சிஸ்டர்