வாசகர் மட்டும் சிக்கனமாக இருந்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் இணையத் தகவல்களைச் சேமித்து அனுப்பும் கணினிக் கூடங்களான தரவு மையங்களின் மின்சாரப் பசி பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது. முடித்த விதத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. பழைய மின்னஞ்சல்களை அழியுங்கள், வீடியோவைக் குறைந்த தரத்தில் பாருங்கள் என்று எல்லாப் பொறுப்பையும் வாசகர் தலையில் கட்டிவிட்டீர்கள். இணையதளங்களை உருவாக்குகிற எங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தத் தொழிலில் இருப்பவள் என்பதால் எழுதுகிறேன்.

ஏதாவது ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்து, பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில், என்னென்ன இறங்குகிறது என்று காட்டும் நெட்வொர்க் பகுதியைப் பாருங்கள். நாம் படிக்கப்போகும் எழுத்துகள் சில பத்து கிலோபைட் இருக்கும், அவ்வளவுதான். கூடவே, கட்டைவிரல் அளவில் தெரியப்போகும் படத்துக்காக 4,000 பிக்சல் அகலப் படம் ஒன்று இறங்கும். யாரும் கேட்காத வீடியோ தானாக ஓடும். நாம் என்ன பார்க்கிறோம் என்று பின்தொடரும் விளம்பர ஸ்கிரிப்ட்டுகள், அதாவது குட்டி நிரல்கள், வரிசை கட்டி வரும். இப்படித்தான் ஒரு சாதாரணப் பக்கத்தின் எடை இன்று 2 மெகாபைட்டைத் தாண்டி நிற்கிறது.

படங்களைச் சுருக்குவதும், வாசகர் கீழே போகும்போது மட்டும் அவை இறங்கும்படி செய்வதும் எங்களுக்குப் பெரிய வேலையே இல்லை. விளம்பர ஸ்கிரிப்ட்டை எடுப்பதுதான் கஷ்டம். அது மார்க்கெட்டிங் பிரிவின் சொத்து. டெவலப்பர் ஒருத்தி தனியாகப் போய்க் கேட்டால் “அப்புறம் பார்க்கலாம்” என்பார்கள். அந்த அப்புறம் வருவதே இல்லை.

ஒரு பக்கத்துக்கு இத்தனை கிராம் கார்பன் என்று சொல்லும் கணக்குகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. தரவு போனாலும் போகாவிட்டாலும் நெட்வொர்க் கருவிகள் ஏறக்குறைய அதே மின்சாரத்தைத்தான் இழுக்கின்றன. நான் கவலைப்படுவது வேறு ஒன்றைப் பற்றி. கனமான பக்கங்கள் பழைய போனைத் திணறடிக்கின்றன. திணறும் போனை மாற்றிவிட்டுப் புதிது வாங்குகிறார்கள். ஒரு ஸ்மார்ட்போனால் வரும் கார்பன் வெளியேற்றத்தில் பெரும்பகுதி, அது நம் கைக்கு வருவதற்கு முன்பே, தயாரிப்பிலேயே நடந்துவிடுகிறது. அதனால் பழைய போனிலும் தடையில்லாமல் ஓடும் பக்கத்தைச் செய்வதுதான் எங்களைப் போன்றவர்கள் செய்யக்கூடிய உருப்படியான காரியம்.

ஆனால் பக்கங்களைச் சேமித்து அனுப்பும் கணினியான சர்வர் எந்த வகை மின்சாரத்தில் ஓடுகிறது என்பதை டெவலப்பர் முடிவு செய்வதில்லை. அதைக் கேட்க நாலு பேர் சேர வேண்டும். 2019-ல் அமேசான் ஊழியர்கள் 8,000-க்கும் மேற்பட்டோர் பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க நிறுவனம் திட்டம் வகுக்க வேண்டும் என்று, அப்போது அதன் தலைமை அதிகாரியாக இருந்த ஜெஃப் பெசோஸுக்குத் தங்கள் பெயரைப் போட்டே திறந்த கடிதம் எழுதினார்கள். அதே கோரிக்கையோடு பங்குதாரர் கூட்டத்துக்கு அவர்கள் கொண்டுபோன தீர்மானம் தோற்றது. அவர்கள் விடவில்லை. செப்டம்பர் 20 அன்று வேலையைப் புறக்கணித்து வெளிநடப்பு செய்யப்போவதாக அறிவித்தார்கள். அதற்கு முந்தின நாள், 2040-க்குள் நிகரக் கார்பன் வெளியேற்றத்தைப் பூஜ்யமாக்குவோம் என்று நிறுவனம் உறுதி கொடுத்தது. தனி ஆள் கேட்டிருந்தால் இது நடந்திருக்குமா?

அதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஊழியர் குழுவின் முன்வரிசையில் நின்ற இரண்டு பெண்கள், கொரோனா காலத்தில் கிடங்குத் தொழிலாளர்களுக்காகவும் பேசினார்கள். 2020 ஏப்ரலில் அவர்களுக்கு வேலை போனது. பேசியதற்காகத்தான் நீக்கினார்கள் என்ற அவர்கள் புகாரில் அமெரிக்கத் தொழிலாளர் உறவு வாரியம் நியாயம் இருப்பதாகக் கண்டது. 2021-ல் நிறுவனம் அவர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது.

உறுதிமொழி கொடுத்தாயிற்று, இனி சரியாகிவிடும் என்று இருக்கவும் முடியாது. கூகுளின் 2023-ஆம் ஆண்டு வெளியேற்றம் 2019-ஐவிட 48 சதவீதம் அதிகம் என்று அந்த நிறுவனத்தின் அறிக்கையே சொல்கிறது. 2024-ல் உலக மின்சாரத்தில் சுமார் 1.5 சதவீதம் தரவு மையங்களுக்குப் போனது, 2030-க்குள் அந்தப் பயன்பாடு இரு மடங்குக்கு மேல் ஆகலாம் என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. செயற்கை நுண்ணறிவு அதற்கு முக்கியக் காரணம். இந்தக் கணக்கெல்லாம் உள்ளே வேலை செய்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அவர்கள் வாய் திறந்தால்தான் வெளியே வரும்.

அடுத்த முறை இந்தத் துறை நிறுவனங்களைப் பேட்டி எடுக்கும்போது மரம் நட்ட கதையை விட்டுவிட்டு, பருவநிலை பற்றிக் கேள்வி கேட்ட ஊழியரின் வேலைக்கு என்ன உத்தரவாதம் தருகிறீர்கள் என்று கேளுங்கள். பதிலை அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வலைத்தள வடிவமைப்பாளர் ஒருவர்