சவேரியார் கோயிலைக் கட்டியவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கும் சான் சேவியர் டெல் பாக் ஆலயத்தைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். 1542-ல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தாரே, அதே பிரான்சிஸ் சவேரியார் பெயரில் உள்ள கோயில் அது. நான் கோட்டாற்றில் சவேரியார் திருவிழா பார்த்து வளர்ந்தவள். மகளைப் பார்க்க டூசான் நகரத்துக்குப் போனபோது மூன்று முறை அந்தக் கோயிலுக்குப் போய்வந்தேன்.

1692-ல் அங்கே மறைப்பணியைத் தொடங்கிய இயேசு சபைக் குரு கீனோ கட்டுரையில் வருகிறார். 1783-ல் இப்போதைய கட்டடத்தை ஆரம்பித்த பிரான்சிஸ்கன் துறவிகளும், தலைமைக் கொத்தனார் இக்னாசியோ கவோனாவும், பண்ணையார் ஒருவரிடம் வாங்கிய 7,000 பெசோ கடனும்கூட வருகின்றன. ஆனால் 1797 வரை அந்தப் பாலைவன வெயிலில் செங்கல்லும் சுண்ணாம்பும் சுமந்த ஓதாம் பழங்குடி மக்களுக்கு ஒரு வரிகூட இல்லை. ஊரே அவர்களுடையது. அவர்கள் ‘வாக்’ என்று சொல்லும் ஊர்தான் ஸ்பானியர் வாயில் ‘பாக்’ ஆனது.

நல்ல மரம் கிடைப்பது அரிதான பூமி அது. அதனால் கூரை முழுக்கச் செங்கல் வளைவும் குவிமாடமும்தான். பளிங்குக்கு எங்கே போவது? மரத்திலும் சுவரிலும் பளிங்கு போலவே வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். கிட்டே போய் உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. கிழக்குக் கோபுரம் மட்டும் இன்றும் மேல்மாடம் இல்லாமல் மொட்டையாக நிற்கிறது.

அப்புறம், அந்தப் பகுதி அப்போது மெக்சிகோவோடு சேர்ந்திருந்தது. மெக்சிகோ ஸ்பெயினிடமிருந்து சுதந்திரம் பெற்றபின் ஸ்பெயினில் பிறந்த குருக்களை வெளியேற்றினார்கள். பல ஆண்டுகள் கோயிலில் நிலையாக ஒரு குரு இல்லை. அந்தக் காலத்தில் பூசைப் பாத்திரங்களைத் தங்கள் வீடுகளில் வைத்துக் காப்பாற்றியவர்கள் ஓதாம் மக்கள். இது எவ்வளவு பெரிய விஷயம்!

சென்ற நூற்றாண்டில் நல்லது செய்வதாக நினைத்து வெளியே சிமெண்ட் பூசினார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே ஓவியங்கள் கெட ஆரம்பித்தன. பிறகு சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, சப்பாத்திக்கள்ளிச் சாறு கலந்த சுண்ணாம்புச் சாந்தைப் பூசினார்கள். நம் கொத்தனார்கள் கடுக்காய்த் தண்ணீர் சேர்ப்பார்களே, அந்த மாதிரி. 1992-ல் ஓவியங்களைச் சீர்செய்ய ஐரோப்பாவிலிருந்து வல்லுநர்கள் வந்தபோது ஊர்க்காரர்கள் சிலரும் கூடவே இருந்து அந்த வேலையைக் கற்றுக்கொண்டார்கள்.

இன்றும் அது ஓதாம் மக்களின் பங்குக் கோயில்தான். மேற்குப் பக்கத்தில் சவேரியார் படுத்திருக்கும் சிலை ஒன்று உண்டு. அதன் தலையைக் கையால் மெல்லத் தூக்கி வேண்டிக்கொள்கிறார்கள். போர்வையில் பிள்ளைகளின் போட்டோக்களைக் குத்தி வைத்திருக்கிறார்கள். நானும் வரிசையில் நின்று தூக்கினேன்.

கட்டுரையின் அடுத்த பகுதி வருவதாகப் போட்டிருக்கிறீர்கள். அதில் ஓதாம் மக்களின் பெயரைக் கட்டாயம் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
கோட்டாறு, நாகர்கோவில்.